பேரேரிக் கரையில் வெண்பனிக் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையையொட்டிச் சுபீரியர், மிச்சிகன், ஹ்யூரான், ஈரி, ஒண்டேரியோ என்னும் ஐந்து பெரிய ஏரிகள் உள. ஏரி என்றவுடன் மதகும் கலிங்கும் கரையும் உடைய பாசன ஏரியை நினைத்தல் கூடாது. சுபீரியர் ஏரி ஒன்றே 350 மைல் நீளமும் 160 மைல் அகலமும் உடையது. ஒரு கரையில் நிற்பவருக்கு மறுகரை தெரியாது. சரக்குக் கப்பல்கள் அதில் ஓடுகின்றன. இவ்வேரிகளின் கிழக்குக் கரைகளிலும் தென்கிழக்குக் கரைகளிலும் நவம்பர் தொடங்கி மார்ச்சு வரையில் பெய்யும் வெண்பனி, மக்கள் குடியிருந்து விவசாயம் செய்யும் பிரதேசங்களில் காண்பதற்கு அரிய அளவினது.

வெண்பனி என்பது மார்கழி மாதத்தில் விடியற்காலையில் புல்லின்மேல் காணும் பனி அன்று, ஆலங்கட்டியும் அன்று. மேகத்திலுள்ள ஈரம் நீர்த்துளியாகாமல் சிறு சிறு படிகங்களாக உறைந்து, அவை பல ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, கொட்டின பஞ்சுபோல் மெல்ல இறங்குவதே வெண்பனி. அதில் பனிக்கட்டியைக் காட்டிலும் காற்றே அதிகம். இந்த ஒரு விஷயத்தை மறவாதிருந்தால் பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

மிச்சிகன் மாகாணத்தில், சுபீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவீனா தீபகற்பத்தில், 1978-79ஆம் வருஷப் பருவத்தில் 390.4 அங்குலம் வெண்பனி பெய்ததாகக் கணக்கு. மோஹாக் என்னும் ஊருக்கு வடக்கே நெடுஞ்சாலை ஓரத்தில் உயரமான கம்பம் ஒன்று நாட்டி, அதில் இந்த அளவைக் குறித்து வைத்திருக்கிறார்கள். வழிப்போக்கர் அண்ணாந்து பார்த்தால் அக்குறி முப்பத்திரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. நியூயார்க் மாகாணத்தில் ஒண்டேரியோ ஏரிக்குக் கிழக்கே உள்ள ஹூக்கர் என்னும் சிற்றூரின் கணக்கு இதனினும் பெரிது; 1976-77ஆம் வருஷப் பருவத்தில் அங்கே 466.9 அங்குலம், அதாவது ஏறக்குறைய 39 அடி.

பனியில் பழகாத ஒருவர் இவ்வெண்களைக் கேட்டால், அவ்வருஷங்களில் வீடும் தொழுவமும் மரமும் மூடுண்டு போயிருக்கும் என்றே எண்ணுவார். அப்படி நிகழவில்லை. எந்த நாளிலும் 39 அடிப் பனி தரையில் கிடந்ததில்லை. பருவ மொத்தம் என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக விழுந்ததை அளந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிய தொகையேயாகும். விழுந்தது மறுநாளே அமுங்கலாம், உருகலாம், காற்றில் பறந்து போகலாம். தொகையிலிருந்து அது கழிக்கப்படுவதில்லை. வரவு மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டைப் போன்றது இது. இதை உணராமல் அந்த எண்ணைக் கொண்டு கூரையின் பலத்தையோ, நிலத்தில் சேரும் நீரையோ, ஆற்றில் வரும் வெள்ளத்தையோ மதிப்பிட்டவர்கள் பெரும் நஷ்டத்துக்கு உள்ளாகியிருக்கிறார்கள். ஆகவே அந்த எண் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் விவரிப்போம்.

ஏரி பனி பெய்விக்கும் விதம்

நிலம் விரைவில் சூடேறி விரைவில் குளிரும். ஆழ்ந்த நீரோ இரண்டையும் தாமதித்தே செய்யும். கோடையில் ஏரி வாங்கிய உஷ்ணம் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் அதனிடம் மிஞ்சியிருக்கிறது. அப்பொழுது கனடாவின் வடபாகத்திலிருந்து உலர்ந்த கடுங்குளிர்க்காற்று ஏரியின்மேல் வந்து வீசுகிறது. ஏரி நீரின் மேற்பரப்புக்கும் அதற்குமேல் சுமார் 5,000 அடி உயரத்திலுள்ள காற்றுக்கும் இடையே உஷ்ண வித்தியாசம் பாரன்ஹீட் கணக்கில் 23 டிகிரிக்குக் குறையாமல் இருக்குமாயின், காற்றின் அடிப்பாகம் சூடும் ஈரமும் ஏறி, இலேசாகி மேலெழும்பும். மேலே குளிர்ந்து மேகமாகும். மேகம் பனியாகக் கொட்டும். வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கையில் ஈரத்தை வாங்கிக்கொண்டு வந்து சோழமண்டலக் கரையில் மழையாக இறக்குவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இங்கே கடலுக்குப் பதிலாக ஏரி. மழைக்குப் பதிலாகப் பனி.

காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதே முக்கியம். ஏரியின் குறுக்கே வீசினால் ஈரம் ஏறுவதற்குப் போதிய தூரம் கிடைப்பதில்லை. பனி பல இடங்களில் சிறிது சிறிதாகச் சிதறி விழும். நீளவாட்டில் வீசினாலோ ஈரி ஏரியின்மேல் 241 மைலும் ஒண்டேரியோ ஏரியின்மேல் 193 மைலும் கடந்து வருகிறது. அப்பொழுது மேகங்கள் யாவும் ஒரே பட்டையாகத் திரண்டு, வாய்க்காலில் ஓடும் நீர்போல ஓரிடத்தை நோக்கியே செல்லும். பட்டையின் அகலம் பெரும்பாலும் சில மைல்களே. அதனுள் அகப்பட்ட ஊரில் மணிக்கு மூன்று நான்கு அங்குலம் விழுந்துகொண்டிருக்க, அடுத்த ஊரில் வெயில் காயும். மேகப் பட்டை நகராமல் நின்றுவிட்டால் அந்த ஊருக்கு விமோசனம் இல்லை.

ஒண்டேரியோ ஏரியின் கிழக்கே டக் ஹில் என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. மேற்கே ஏரியின் பக்கத்திலிருந்து படிப்படியாக ஏறிச் சுமார் 2,000 அடி உயரத்தை எட்டி, கிழக்கே பிளாக் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிச் செங்குத்தாக இறங்குவது அது. ஈரம் நிறைந்து வரும் காற்று அந்தச் சரிவில் ஏறும்போது மேலும் குளிர்ந்து, கொண்டுவந்த சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஹூக்கர் அந்த மேட்டின்மேல் உள்ளது. பனி அதிகமாதலாலும் பயிர்க்காலம் குறுகியதாதலாலும் தானியப் பயிருக்கு அந்த இடம் ஏற்றதன்று. புல், தீவனப் பயிர், கறவை மாடு, மேப்பிள் மரத்துப் பாகு ஆகியவற்றைக் கொண்டே அவ்விடத்துக் குடியானவர்கள் ஜீவனம் செய்கிறார்கள்.

ஏரி உறைந்துவிட்டால் இந்த இயந்திரம் நின்றுபோகும். ஈரி ஏரி ஆழம் குறைந்தது. சராசரி 62 அடியே. ஆதலால் பல வருஷங்களில் ஜனவரி முடிவதற்குள் அதன் பெரும்பாகம் பனிக்கட்டியால் மூடப்படுகிறது. காற்றுக்கு ஈரம் கிடைப்பதில்லை. ஒண்டேரியோ ஏரியின் சராசரி ஆழம் 283 அடி. அது முழுவதும் உறைவது மிக அரிது. டக் ஹில்லில் மார்ச்சு வரையில் பனி ஓயாததற்குக் காரணம் இதுவே.

அங்குலம் எழுதும் முறை

அந்நாட்டு வானிலைக் காரியாலயம் 1891 முதல் 1940 வரையில் விவசாய இலாகாவின் கீழேயே இருந்தது. மழையும் பனியும் முதன்மையாக விவசாயியின் விஷயம் என்று அக்காலத்தில் கருதப்பட்டதற்கு இது சாட்சி. 1890ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட கண்காணிப்பு ஏற்பாட்டில், ஊதியம் கருதாமல் தினந்தோறும் அளந்து எழுதி அனுப்புகிறவர்கள் நாடு முழுவதிலும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். குடியானவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கடைக்காரர்கள் எனப் பலதரப்பட்டவரும் அவர்களுள் அடங்குவர். தாலூகா கச்சேரியிலுள்ள மழைமானியைப் பார்த்து எழுதும் குமாஸ்தாவின் வேலையைப் போன்றதே இதுவும். ஆனால் இதில் தவறு புக வழிகள் பல.

காற்று அதிகம் படாத திறந்த இடத்தில், வெள்ளைச் சாயம் பூசிய சதுரப் பலகை ஒன்றைத் தரைமட்டமாக வைக்கவேண்டும். வெள்ளைச் சாயம் பூசுவது, வெயிலின் உஷ்ணத்தைப் பலகை வாங்கிப் பனியை உருக்காதிருப்பதற்காக. குறித்த நேரத்தில் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, அங்குலத்தில் பத்திலொரு பங்கு வரையில் பார்த்து எழுதியபின் பலகையைச் சுத்தமாகத் துடைத்து, புதிய பனியின் மட்டத்துக்கு உயர்த்தி வைக்கவேண்டும். துடைக்க மறந்தால் நேற்றைய பனி இன்றும் எழுதப்படும். பலகையைச் சுவரின் அருகே வைத்தால் காற்று ஒதுக்கிய குவியலை அளக்க நேரிடும். வெட்ட வெளியில் வைத்தால் விழுந்தது நில்லாமல் பறந்துபோகும்.

வருஷக் கணக்கு ஜூலை 1ஆம் தேதி தொடங்கி ஜூன் 30ஆம் தேதி முடிகிறது. ஜனவரியில் தொடங்கினால் ஒரே குளிர்காலம் இரண்டு வருஷங்களில் பிளவுபட்டுப் போகும் அல்லவா? பசலி வருஷக் கணக்கில் பழகிய கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இதன் சௌகரியத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை முறை அளக்கலாம் என்பதில்தான் சிக்கல். வெண்பனி விழுந்த கணம் முதலே தன் பாரத்தால் அமுங்கத் தொடங்குகிறது. ஓர் ஊரில் மணிக்கு ஓர் அங்குலம் வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் பெய்கிறதென்று கொள்வோம். மணிக்கு ஒருமுறை அளந்து துடைப்பவர் 24 அங்குலம் எழுதுவார். மறுநாள் காலையில் ஒரே தடவை அளப்பவருக்கு அமுங்கியது போக 18 அங்குலமே இருக்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்தது ஒரே பனியைத்தான். ஆனால் இத்தகைய வித்தியாசம் பருவம் முழுவதும் தொடர்ந்தால் பக்கத்துப் பக்கத்து ஊர்களின் கணக்குகள் ஒவ்வாமல் போகும். இதனால் ஆறு மணிக்கு ஒருமுறைக்கு மேல், அதாவது நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல், அளந்து கூட்டலாகாது என்பது விதி.

இந்த விதிக்கு உட்பட்டுப் பெரும் கீர்த்தியை இழந்த ஊர் ஒன்று உண்டு. டக் ஹில்லிலுள்ள மாண்டேகு என்னும் இடத்தில் 1997 ஜனவரி 11, 12 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 77 அங்குலம் விழுந்ததாக எழுதப்பட்டது. கொலராடோ மாகாணத்து மலைப்பகுதியிலுள்ள சில்வர் லேக் என்னுமிடத்தில் 1921 ஏப்ரலில் 24 மணி நேரத்தில் பெய்த 75.8 அங்குலமே அதுவரை அந்நாட்டின் உச்ச அளவு. மாண்டேகு அதை மிஞ்சிவிட்டதென்று பத்திரிகைகளில் செய்தி பரவிற்று. இதை விசாரிக்க நிபுணர் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. நான்கு அளவுகளுக்குப் பதிலாக ஆறு அளவுகள் எடுத்துக் கூட்டியிருப்பதைக் கண்டு, 77 அங்குலத்தை உச்ச அளவாக ஏற்க இயலாதென்று குழுவினர் தீர்மானித்தனர். கொட்டும் பனியில் இரவென்றும் பகலென்றும் பாராமல் வெளியே சென்று அளந்தவரிடம் குற்றம் ஏதும் காணப்படவில்லை. ஆயினும் தீர்மானம் சரியானதே. ஓரூரில் முழக்கோலை மாற்றிக்கொண்டு மற்றோரூரின் நிலத்தோடு ஒப்பிட முடியாது.

அங்குலமும் நீரும்

விவசாயிக்கு வேண்டியது பனியின் உயரம் அன்று, அதிலுள்ள நீர். பத்து அங்குலப் பனி ஓரங்குல நீர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஏரியோரத்தில் இது பொய்த்துவிடும். கடுங்குளிரில் விழும் ஏரிப்பனி மிக இலேசானது. இருபது அங்குலம், சில சமயம் முப்பது அங்குலம் பனியை உருக்கினாலும் ஓரங்குல நீரே கிடைக்கும். உஷ்ணம் உறைநிலையை ஒட்டியிருக்கும்போது விழும் ஈரப்பனியோ எட்டு அங்குலத்துக்கே ஓரங்குல நீர் தரும்.

ஓர் ஏக்கரில் ஓரங்குல நீர் என்பது ஏறக்குறைய 100 டன் எடை. 200 அங்குலப் பனி பெய்த இரண்டு பண்ணைகளில், ஒன்றில் விழுந்தது பத்துக்கு ஒன்று வீதமானால் ஏக்கருக்கு 20 அங்குல நீர், 2,000 டன். மற்றொன்றில் இருபதுக்கு ஒன்றானால் 10 அங்குலமும் 1,000 டன்னுமே. பருவ மொத்தம் இரண்டுக்கும் ஒன்றே. ஆதலால் கண்காணிப்போர் பனியின் உயரத்தோடு அதன் நீரளவையும் எழுதவேண்டும் என்பது முறை. குளிர்காலத்தில் மழைமானியின் புனலையும் உள்குழாயையும் எடுத்துவிட்டு, வெளிப்பாத்திரத்தில் மட்டும் பனியைப் பிடித்து, வீட்டுக்குள் கொண்டுபோய் உருக்கி, உள்குழாயில் ஊற்றி அளப்பார்கள். சிறிது வெந்நீரை அளந்து சேர்த்து உருக்கிப் பின்னர் அதைக் கழித்துக்கொள்வதும் உண்டு.

தொழுவத்தின் கூரை தாங்குவதும் இந்த நீரின் பாரத்தையே. ஒரு சதுர அடியில் ஓரங்குல நீர் 5.2 ராத்தல் நிற்கும். 100 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள மாட்டுத் தொழுவத்தின்மேல் 60 அங்குலப் பனி கிடப்பதாகவும், அது பன்னிரண்டுக்கு ஒன்று வீதம் நீர் உடையதாகவும் வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குல நீர். சதுர அடிக்கு 26 ராத்தல். 4,000 சதுர அடிக்கு 1,04,000 ராத்தல், அதாவது 46 டன்னுக்கு மேல். இதன்மேல் ஓரங்குல மழை பெய்தால் பனி அதைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். கீழே ஒரு சொட்டும் விழாமல் 9 டன் பாரம் கூடிவிடும். பனி நின்று வெயில் தெரிந்ததும் அபாயம் நீங்கியதென்று நினைப்பது பெரும் பிழை. மழை வரும் நாளே கூரைக்குக் கண்டம்.

2014 நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஈரி ஏரியின் கிழக்கு முனையிலுள்ள பஃபலோ நகரத்தின் தெற்கிலும் கிழக்கிலும் இது கண்கூடாயிற்று. மேகப் பட்டை ஒன்று நகராமல் நின்று, சில இடங்களில் ஐந்தடிக்கு மேல் பனியைக் கொட்டிற்று. அங்கிருந்து சில மைல் வடக்கே சில அங்குலமே. ஓரிரு நாளில் மீண்டும் ஒருமுறை அதே இடங்களில் பெய்தது. பனியின் பாரம் தாங்காமல் தொழுவங்களின் கூரைகள் இடிந்தன. பால்வண்டிகள் சாலையில் வர முடியாமையால், கறந்த பாலைத் தேக்கிவைக்க இடமின்றிக் கீழே கொட்டினர். பனியென்று மாடு மடியில் பாலை நிறுத்தி வைக்குமா? இரண்டு வேளையும் கறந்தே ஆகவேண்டும். கறந்ததைக் கொட்டியே ஆகவேண்டும். இதற்குள் வெப்பநிலை உயர்ந்து மழையும் வருமென்று எச்சரிக்கை வந்தது. குடியானவர்கள் இரவும் பகலும் கூரையின்மேல் நின்று பனியைத் தள்ளினார்கள். இவ்வாறு தள்ளும்போது ஒரு பக்கத்தை முழுவதும் ஒழித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போதல் கூடாது. பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்து, தாங்கி நின்ற கூரையும் முறிந்துவிடும். இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

மொத்தம் சொல்லாதவை

பஃபலோ நகரத்தில் பருவ மொத்தம் சராசரியாகச் சுமார் 95 அங்குலம். 1976-77ஆம் வருஷப் பருவத்தில் 199.4 அங்குலம், 2011-12ஆம் வருஷப் பருவத்தில் 36.7 அங்குலம் மட்டுமே. சராசரி என்பது எவ்வளவு சிறிய துணை என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும். 2001 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரையில் அந்நகரத்தில் பனி என்றே சொல்லத் தக்கது இல்லை. பிறகு 24ஆம் தேதி முதல் ஐந்தே நாட்களில் 81 அங்குலத்துக்கு மேல் விழுந்தது. ஒரு குளிர்காலத்துப் பனியில் பெரும்பங்கு ஒரே வாரத்தில் இறங்கிற்று.

இன்னும் விசித்திரமானது 1977 ஜனவரி கடைசியில் நிகழ்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஈரி ஏரி டிசம்பர் 14ஆம் தேதிக்குள்ளாகவே உறைந்துவிட்டது. ஏரி உறைந்தால் பனி குறையும் என்ற பொதுவிதியை நம்பியவர்களுக்கு இது நல்ல செய்தியாகவே தோன்றியிருக்கும். ஆனால் உறைந்த ஏரியின்மேல் விழுந்த பனி அங்கேயே பொடியாகக் குவிந்து கிடந்தது. ஜனவரி 28ஆம் தேதி கடும் புயற்காற்று எழுந்து, அந்தப் பொடி முழுவதையும் வாரிக்கொண்டுவந்து கரையில் கொட்டிற்று. அந்நாட்களில் ஆகாயத்திலிருந்து புதிதாக விழுந்தது ஏறக்குறைய 12 அங்குலமே. நகரத்திலோ சில இடங்களில் 30 அடி உயரத்துக்குப் பனிமேடுகள் எழுந்தன. வண்டிகள் புதைந்தன; சுற்றுப்புறப் பண்ணைகளிலிருந்து பால் வெளியே போகவில்லை; 29 பேர் இறந்தனர். இறந்தவர்களுள் சிலர் பனியில் சிக்கிய மோட்டார் வண்டிகளுக்குள்ளேயே மாண்டவர்கள். பருவக் கணக்குப் புத்தகத்தில் இந்தப் பேராபத்துக்குக் கிடைத்த இடம் அந்தப் பன்னிரண்டு அங்குலந்தான்.

2022 டிசம்பர் 23ஆம் தேதி தொடங்கிய புயலிலும் பஃபலோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நாற்பது பேருக்கு மேல் இறந்தனர். நான்கைந்து நாட்களில் விமான நிலையத்தில் அளந்த பனி 52 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முந்தின மாதத்தில் ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் என்னும் பக்கத்து ஊர்களில் ஆறடிக்கு மேல் விழுந்தபோது இத்தனை உயிர்ச்சேதம் நேரவில்லை. வித்தியாசம் காற்றிலும் குளிரிலும் இருந்தது, அங்குலத்தில் அன்று.

நீண்டகால மாறுதலை ஆராய்வோருக்கும் இந்த எண்கள் தொல்லை கொடுக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் ஏரியோரப் பனி பெருகிவந்தது என்று கணக்குகளிலிருந்து கண்டார்கள். நீர் முன்னிலும் சூடாகி, உறையும் காலம் குறைவதால் இது நிகழக்கூடியதே. ஆனால் அளப்பவர் மாறிய இடங்களையும், பலகை இடம் பெயர்ந்த இடங்களையும், அளக்கும் நேரம் மாறிய இடங்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தபோது, பெருக்கம் முதலில் தோன்றிய அளவுக்கு எல்லா ஏரிகளிலும் இல்லை என்பது வெளியாயிற்று. இன்னும் உஷ்ணம் கூடினால் இப்பொழுது பனியாக விழுவதில் ஒரு பங்கு மழையாகவே விழும் என்பதும் எதிர்பார்க்கப்படுகிறது.

பயிருக்குப் பனி செய்யும் உபகாரம்

பனியைத் துன்பமாகவே எண்ணுதல் சரியன்று. இலேசான பனியில் காற்று அடைபட்டிருப்பதால் அது கம்பளிபோல் நிலத்தைப் போர்த்துகிறது. வெளியே உறைநிலைக்கு முப்பது டிகிரி கீழே குளிர் இருந்தாலும், ஓரடிப் பனியின் கீழே மண் உறைநிலையை ஒட்டியே இருக்கும். இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை இந்தப் போர்வையின் கீழ்ப் பிழைக்கிறது. பனி இல்லாத குளிர்காலத்தில் மண் பகலில் இளகி இரவில் உறைந்து, மீண்டும் மீண்டும் பொங்கி, குதிரைமசாலின் ஆணிவேரை மேலே தள்ளி அறுத்துவிடும். அதிகமும் ஆகாது: உறையாத மண்ணின்மேல் பல மாதம் பனி மூடிக்கிடந்தால் கோதுமை இலையில் ஒருவகைப் பூஞ்சாணம் பற்றி, பனி உருகியதும் பயிர் திட்டுத் திட்டாக வெளுத்துக் காணும்.

பனியைக் கொடுக்கும் ஏரியே பழத்தையும் கொடுக்கிறது என்பது குறிப்பிடத் தக்கது. இளவேனிலில் நிலம் சூடேறினாலும் ஏரி குளிர்ந்தே இருக்கும். அதன்மேல் வரும் குளிர்காற்று கரையோரத்துக் கொடிகளையும் மரங்களையும் அவசரப்பட்டுத் துளிர்க்கவொட்டாமல் தடுத்து, பின்னுறைபனியின் அபாயம் கழிந்தபின் மொட்டு விரியச் செய்கிறது. ஈரி ஏரியின் தென்கரையில் சில மைல் அகலமே உள்ள நிலத்தில், சுமார் 30,000 ஏக்கரில், கான்கார்டு என்னும் கருந்திராட்சை பயிராவதும், மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் செர்ரி விளைவதும் இதனாலேயே.

பஃபலோவில் 36.7 அங்குலமே பெய்த 2011-12ஆம் வருஷக் குளிர்காலத்தைச் சாலை வேலைக்காரர்கள் கொண்டாடியிருப்பார்கள். அந்த மார்ச்சு மாதத்தில் கோடைபோல் வெயில் அடித்தது. ஏரி தடுத்துப் பார்த்தும் பயனில்லை. மிச்சிகன் மாகாணத்துச் செர்ரி மரங்கள் பல வாரங்கள் முன்னதாகவே மொட்டு விட்டன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்து அவற்றைக் கருக்கிற்று. புளிப்புச் செர்ரி விளைவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நாசமாயிற்று. பனி குறைந்த வருஷம் நல்ல வருஷம் என்று அந்தத் தோட்டக்காரர்களிடம் யாரும் சொல்ல முடியாது.

உருகும் காலம்

பருவத்தின் கடைசியில் வேறு ஒரு கணக்கு எடுக்கப்படுகிறது. கூர்மையான விளிம்புள்ள நீண்ட குழாய் ஒன்றைப் பனியின் மேற்பரப்பிலிருந்து தரை வரையில் இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு மேலே எடுத்துத் தராசில் தொங்கவிடுவார்கள். தராசின் முள் காட்டுவது ராத்தல் அன்று, அங்குல நீர். குழாயின் வாயளவுக்கு ஏற்றபடி தராசில் கோடு இட்டிருப்பதால் உருக்காமலே நீரளவு தெரிந்துவிடும். ஒரு சரிவில் பல இடங்களில் இவ்வாறு எடுத்துச் சராசரி காண்பார்கள். முன்னே கூறிய பேரேட்டில் எழுதப்படாத செலவெல்லாம் போக, கையிருப்பு எவ்வளவு என்பது இதில்தான் தெரிகிறது. பருவ மொத்தம் 300 அங்குலமாயிருக்க, மார்ச்சு நடுவில் தரையில் 40 அங்குலப் பனியே கிடக்கலாம்; ஆனால் நாளடைவில் இறுகிப்போன அப்பனியில் மூன்றரை நான்கு அங்குலத்துக்கு ஓரங்குல நீர் வீதம், பத்து அங்குலத்துக்கு மேல் நீர் இருக்கலாம்.

டக் ஹில்லின் கிழக்குச் சரிவில் உருகும் நீர் பிளாக் ஆற்றில் இறங்குகிறது. லயன்ஸ் பால்ஸ் என்னும் ஊருக்குக் கீழே அந்த ஆறு வாட்டம் குறைந்த சமநிலத்தில் மெல்ல ஓடுவதால், இளவேனிலில் கரையோரத்துப் புல்வெளிகளும் சோளக் கொல்லைகளும் அடிக்கடி நீரில் மூழ்குகின்றன. இரவில் உறைந்து பகலில் சிறிது சிறிதாக உருகும் வருஷத்தில் ஆறு தாங்கிக்கொள்ளும். கையிருப்பு மிகுந்திருக்கும்போது இரண்டு நாள் வெதுவெதுப்பான மழை பெய்தால் தாங்காது. குழாய்க் கணக்கு வந்தவுடன் தாழ்ந்த நிலத்துக்காரர்கள் வைக்கோற் கட்டுகளையும் கன்றுகளையும் மேட்டுக்கு மாற்றுகிறார்கள். சாலையோரத்துக் கம்பத்தில் அவ்வருஷத்து அங்குலத்தை எழுதுவது அதற்குப் பின்னர், சாவகாசமாக நடைபெறுகிறது.